சொல்லருவியின் கடவாய்ப்பல்

மார்ச் 2

பள்ளி ஆண்டு விழா. விருந்தினர்களுக்குத் தட்டில் கடலை மிட்டாய் வைத்திருந்தார்கள். கோவில்பட்டியில் வேறு எதை வைப்பார்கள்? ஒரு துண்டைக் கடித்தேன். வலது பக்கம் கீழ்க் கடவாய்ப்பல்லில் சுரீரென்று ஒன்று இறங்கி, காதுக்குள் போய் நின்றது. அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் என்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நம் பள்ளி வணிகவியல் ஆசிரியர், பட்டிமன்ற மேடைகளில் 'சொல்லருவி' சங்கரலிங்கம் என்றால் தெரியாதவர் இல்லை, என்றெல்லாம். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பாராட்டில் நெகிழ்ந்துவிட்டேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். நினைக்கட்டும்.

இது வலி இல்லை. வெறும் கூச்சம்.

மார்ச் 3

இந்த நாட்குறிப்பு மேடைக்கான சரக்குகளைக் குறித்து வைப்பதற்காக. பல்லைப் பற்றி எழுத அல்ல. ஏப்ரல் 7 பங்குனித் திருவிழாப் பட்டிமன்றம். நடுவர் புலவர் ஆவுடையப்பன். தலைப்பு: குடும்பத்தில் அதிகம் விட்டுக்கொடுப்பவர் கணவரா, மனைவியா? நான் கணவர் அணி. சொந்த ஊர், அம்மன் சந்நிதி மேடை. இதில் கூட்டத்தை அசத்திவிட்டால் தொலைக்காட்சிக்குச் சொல்லியனுப்புவதாகப் புலவர் சொல்லியிருக்கிறார்.

கிராம்பு வைத்தேன். உப்பு வெந்நீர் கொப்பளித்தேன். வலி போனது. பிறகு வந்தது.

மார்ச் 4

உடற்கல்வி ஆசிரியர் கனகராஜிடம் கேட்டேன். ஓடுகிறவன் காலில் முள் குத்தினால் என்ன செய்வாரோ அதையே சொன்னார்.

"புடுங்கிப் போட்டுருங்க சார். இல்லாத பல்லு வலிக்காதுல்ல."

இதை மேடையில் பயன்படுத்தலாம். கனகராஜ் பெயர் தேவையில்லை.

மார்ச் 5

செண்பகவல்லி நான் இடது பக்கமாகவே மென்று கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, பல் டாக்டரிடம் போகச் சொன்னாள். எதைத்தான் இவள் கவனிக்காமல் விடுகிறாள்? பள்ளியில் தேர்வு நேரம், போக முடியாது என்றேன். தேர்வு எழுதுவது பிள்ளைகள்தானே என்றாள்.

செண்பகவல்லி என் மனைவி. தபால் நிலையத்தில் கவுண்டரில் வேலை. அவளைப் பற்றி நான் பேசாத மேடை இல்லை. மேடையில் வரும் என் மனைவி சந்தைக்குப் போனால் பையை மறப்பாள், பையை எடுத்தால் சந்தையை மறப்பாள். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். வீட்டில் இருப்பவள் அப்படியில்லை, அளவாகப் பேசுவாள். நகைச்சுவை உணர்வுதான் கொஞ்சம் குறைவு. என் நகைச்சுவை ஒன்றுக்குக்கூட அவள் சிரித்ததில்லை.

இன்று அவள் கவுண்டருக்கு ஒரு பெரியவர் வந்தாராம். வெளியூர் மகனுக்குப் பதிவுத் தபால். ஒப்புகை அட்டை கட்டாயம் வேண்டும் என்று நின்றாராம். அப்படி என்ன முக்கியமான தபால் என்று கேட்டிருக்கிறாள். உள்ளே வெறும் தாள்தானாம். "அட்டையில அவன் கையெழுத்துப் போட்டு வரும்லம்மா. அதப் பாத்து வருசமாச்சு" என்றாராம்.

பெரியவரை மாமனாராக்கி, மகனைக் கடன் வாங்கிய மருமகனாக்கினால் மேடையில் எடுபடும். குறித்துக்கொண்டேன்.

மார்ச் 6

தூக்கமில்லை.

மார்ச் 8

போனேன். செண்பகவல்லி சொன்னதற்காக அல்ல. வகுப்பில் 'பற்று' என்று சொல்ல வாயெடுத்து 'பல்' என்று சொல்லிவிட்டேன், பையன்கள் சிரித்துவிட்டார்கள்.

டாக்டர் எஸ்தர் ஜெபராணி. சின்ன வயது, அமைதியான குரல். நாற்காலி தானாகப் பின்னால் சாய்ந்தபோது நான் கைப்பிடியை இறுகப் பிடித்தது பிடிமானத்துக்காக. வேறு காரணம் இல்லை.

சில்லென்ற ஏதோ மருந்தில் தோய்த்த பஞ்சை ஒவ்வொரு பல்லாக வைத்துப் பார்த்தார். மற்ற பற்களில் எடுத்தவுடன் குளிர் போய்விட்டது. இந்தப் பல்லில் பஞ்சை எடுத்த பிறகும் நான் கூரையைப் பார்த்தபடி ஏதேதோ சத்தம் எழுப்பிக்கொண்டிருந்தேனாம். பிறகு எக்ஸ்ரே. பழைய அடைப்புக்கு அடியில் சொத்தை ஊடுருவி உள்ளே இறங்கியிருந்தது.

"சார், பல்லு வெளியதான் கல்லு மாதிரி. உள்ள ஒரு சின்ன அறை இருக்கு. அங்கேருந்து வேருக்குள்ள மெல்லிசா குழாய் குழாயா இறங்குது. நரம்பும் ரத்தமும் அதுக்குள்ளதான் ஓடுது. சொத்தை அந்த அறையைத் தொட்டுருச்சு. இனி அது தானா ஆறாது."

வழி இரண்டு என்றார். ஒன்று, பல்லை எடுப்பது. எடுத்தால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்தில் சாயும், மேல் பல் கீழே இறங்கும், மெல்லுவது ஒரு பக்கமாகிவிடும். இன்னொன்று ரூட் கேனல். உள்ளே கெட்டுப்போன நரம்பை மட்டும் எடுத்து, குழாய்களைக் கழுவிச் சுத்தம் செய்து, அடைத்து, மேலே ஒரு தொப்பி போடுவது. நரம்பில்லாமல் பல் எப்படி உயிரோடு இருக்கும் என்று கேட்டேன். வளர்ந்து முடிந்த பல்லுக்கு உள்நரம்பு இல்லாமலே வேலை பார்க்க முடியும், சுற்றியிருக்கும் எலும்பும் சதையும் அதைத் தாங்கிக்கொள்ளும் என்றார்.

இன்றே தொடங்கலாம் என்றார். திருவிழா முடிந்து வருகிறேன் என்று சொல்லி வலி மாத்திரை வாங்கிக்கொண்டேன். எழுதிக்கொடுக்கும்போது, வலி திடீரென்று நின்றால் ஏமாந்துவிடாதீர்கள், உடனே வாருங்கள் என்றார். வலி நின்றால் எதற்கு டாக்டர்? படித்தவர்கள் பேச்சே தனி.

மார்ச் 12

வலி நின்றுவிட்டது. சுத்தமாக. தட்டிப் பார்த்தேன், குளிர்ந்த தண்ணீர் குடித்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. இதற்குப் போய் ரூட் கேனலாம். மாலையில் நடந்தே கடைத்தெரு போய் வந்தேன், அந்தப் பக்கமாகவே வேர்க்கடலை மென்றபடி.

டாக்டர் சொன்ன கடைசி வார்த்தையைச் செண்பகவல்லியிடம் சொல்லவில்லை. தேவையில்லாமல் கவலைப்படுவாள்.

மார்ச் 15

புது சரக்கு: மனைவி வலிக்கிறது என்றால் கணவன் மாத்திரை வாங்கித் தருவான். கணவன் வலிக்கிறது என்றால் மனைவி, 'பேசாம இருங்க, சரியாயிரும்' என்பாள். இதில் விட்டுக்கொடுப்பது யார்?

செண்பகவல்லியிடம் சொல்லிக் காட்டினேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே, எனக்கு நீங்க மாத்திரை வாங்கித் தந்தது எப்பன்னு யோசிச்சிக்கிட்டிருக்கேன் என்றாள். இவளுக்கு மேடை உத்தி தெரியாது.

மார்ச் 18

காலையில் கண்ணாடியில் பார்த்தால் வலது கன்னம் வீங்கிக் கிடந்தது. கொழுக்கட்டையை வாயில் ஒதுக்கி வைத்த மாதிரி. இன்று சாத்தூர்ப் பக்கத்தில் ஒரு கூட்டம், அதில் பேச வேண்டியவன் நான். ஏற்பாடு செய்தவர்களுக்குச் செண்பகவல்லியே போன் பண்ணி, அவருக்கு முகம் கொஞ்சம் பெரிசாயிட்டுது, மேடை தாங்காது என்று சொல்லியிருக்கிறாள். எதிர்முனையில் சிரித்த சத்தம் எனக்கே கேட்டது. உடல்நலமில்லை என்று சொன்னால் போதாதா?

அரை நாள் விடுப்புப் போட்டு அவளே கூட்டிக்கொண்டு போனாள். எனக்கு வாய் சரியாகத் திறக்கவில்லை, எல்லாக் கேள்விக்கும் அவளே பதில் சொன்னாள். வலி எப்போது நின்றது என்று டாக்டர் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் தொங்கிய பல் படத்தைப் பார்த்தேன்.

"வலி நின்னா நரம்பு செத்துருச்சுன்னு அர்த்தம் சார். குணமாயிருச்சுன்னு இல்ல. செத்தது உள்ளயே அழுகி, இப்ப வேர் நுனி வழியா எலும்புக்கு வந்துருச்சு."

எக்ஸ்ரேயில் வேர் நுனியில் கருப்பாக ஒரு நிழல் தெரிந்தது. பல்லின் மேல் சின்னத் துளை போட்டார். உள்ளே இருந்து வந்ததை இங்கே எழுத வேண்டாம். எழுத்துக்கும் ஒரு மரியாதை இருக்கிறது. ஆனால் துளை விழுந்த நிமிடமே தலையில் இருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போல் இருந்தது. வீக்கத்துக்கு மாத்திரை தந்தார். மாத்திரை வீக்கத்தை அடக்கும், பல்லுக்குள் கிடக்கும் அழுக்கை மாத்திரை போய் எடுக்காது, அதை நான்தான் எடுக்கணும் என்றார்.

வரும் வழியெல்லாம் செண்பகவல்லி மாத்திரைப் பையைத் தன் கையிலேயே வைத்திருந்தாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "டாக்டர் அன்னைக்கே சொல்லியிருக்காங்கல்ல?" என்று மட்டும் கேட்டாள். வாய் வலிப்பதாகச் சைகை காட்டினேன்.

மார்ச் 22

முதல் முழு அமர்வு. நீண்ட நேரம். எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன், யாருக்காவது பயன்படும்.

மரத்துப்போக ஊசி போட்டார். கீழுதட்டில் பாதி என்னுடையதாக இல்லாமல் போயிற்று. பிறகு ஒரு ரப்பர்த் துணியில் ஓட்டை போட்டு, அந்தப் பல்லை மட்டும் அதன் வழியாக வெளியே எடுத்து நிறுத்தினார். எச்சில் பல்லுக்குள் போகாமலும், கருவியோ மருந்தோ தொண்டைக்குள் இறங்காமலும் இருக்கத்தான் அது. மேடையில் நான் தனியாக நிற்பது போல அந்தப் பல் தனியாக நின்றது.

ஊசியை விட மெல்லிய அரங்களை ஒவ்வொன்றாக உள்ளே விட்டார். எவ்வளவு ஆழம் போகலாம் என்று சொல்ல ஒரு சின்னப் பெட்டி இருந்தது. நுனி நெருங்க நெருங்க அது பீப் பீப் என்று கத்தியது. என் நெஞ்சு அதைவிட வேகமாக அடித்தது, பெட்டிக்கும் நெஞ்சுக்கும் இடையில் ஒரு பட்டிமன்றமே நடந்தது. இடையிடையே மருந்துத் தண்ணீர் விட்டு அலசினார். நீச்சல் குள வாசனை. இந்தப் பல்லில் குழாய் மூன்று என்று நினைத்திருந்தாராம், நான்காவது ஒன்று ஒளிந்திருந்தது. அதை விட்டிருந்தால் மறுபடியும் வீங்கியிருக்கும் என்றார். நான்காவதைக் கண்டுபிடித்ததில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

வலிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், பயந்ததில் கால்வாசிகூட இல்லை. (நான் பயந்தேன் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம்.)

உள்ளே மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்தார். அடுத்த முறை குழாய்களை நிரந்தரமாக அடைத்து, பிறகு தொப்பி. அதுவரை அந்தப் பக்கம் கடினமானது எதையும் கடிக்கவே கூடாது, பல் இப்போது சுவர் மட்டும் நிற்கும் வீடு என்றார்.

வெளியே வந்தால் செண்பகவல்லியைச் சுற்றிக் காத்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கன்னத்தில் துண்டைக் கட்டியிருந்த ஒரு அம்மா, சிரிக்க வைக்காதம்மா வலிக்கி என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். என்ன சொன்னாய் என்று கேட்டேன். சும்மா, நீங்க நாற்காலியில உக்காந்த கதையைத்தான் என்றாள்.

கூட்டத்தைப் பொறுத்தது. காத்திருப்பவர்கள் எதற்கும் சிரிப்பார்கள்.

மார்ச் 27

ஒத்திகை. எழுதியதைச் செண்பகவல்லி முன் பேசிக் காட்டினேன். இந்த ஆண்டின் முத்திரை வெடி இது: 'என் மனைவி முறுக்கைக்கூடக் காபியில் முக்கித்தான் தின்பாள். பல்லுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு நாக்குக்கு மட்டும் வேலை கொடுக்கிற ஒரே ஜீவன்.'

அவள் சிரிக்கவில்லை. இதைச் சொல்லணுமா என்று கேட்டாள். இதுதான் எடுபடும் என்றேன். சரி என்று சொல்லி, காய்ந்த துணிகளை எடுக்க மாடிக்குப் போய்விட்டாள். அவ்வளவு துணி இல்லை. வர நேரமாயிற்று.

ஏப்ரல் 1

உலகத்துக்கே முட்டாள்கள் தினம். எனக்குத் தனியாக ஒன்று.

சாத்தூரில் சக ஆசிரியர் வீட்டுக் கல்யாண வரவேற்பு. காராச்சேவு வைத்திருந்தார்கள். சாத்தூருக்குப் போய்க் காராச்சேவைத் தொடாமல் வருவது அந்த ஊரை அவமதிப்பது. இடது பக்கம்தான் மென்றேன். அப்போது ஒருவர் வந்து, நீங்கள் சொல்லருவிதானே என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லத் திரும்பியதில் காராச்சேவு வலது பக்கம் போய்விட்டது. கறுக் என்றது. காராச்சேவு என்று நினைத்து மென்றேன். பல்.

ஏப்ரல் 2

பல்லின் உள்பக்கச் சுவர் உடைந்திருந்தது. டாக்டர் நெடுநேரம் பார்த்தார். அந்த நேரத்தில், புடுங்கிப் போட்டால் என்ன என்று சொன்ன கனகராஜின் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஏனென்று தெரியவில்லை. என்னுடைய பல். என்னோடு ஆறாம் வகுப்பிலிருந்து இருக்கிறது. போய்விடுமோ என்று நினைத்ததும் நாக்கு தானாக அதைப் போய்த் தொட்டது.

விரிசல் ஈறுக்கு மேலேயே நின்றுவிட்டது, வேருக்குள் இறங்கவில்லை என்றார் கடைசியில். இறங்கியிருந்தால் எடுப்பதைத் தவிர வழியில்லையாம். இன்றே வேரை அடைத்து, உடைந்த சுவரைக் கட்டி எழுப்பிவிடுகிறேன், கொஞ்ச நேரம் கூடுதலாக வாயைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்றார்.

இரண்டு ஊசி. ரப்பர் மாதிரி இளஞ்சிவப்புக் குச்சிகளைக் குழாய்க்குள் சூடாக்கி அடைத்தார். எக்ஸ்ரேயில் வேருக்குள் நான்கு வெள்ளைக் கோடுகள், நுனி வரை. அழகாகத்தான் இருந்தது.

செண்பகவல்லி உள்ளேயே ஒரு ஸ்டூலில் இருந்தாள். என் கால் விரல்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்பது எழுந்த பிறகுதான் தெரிந்தது.

ஏப்ரல் 4

வாய் திறக்கவில்லை. பல் வலிக்கவில்லை, தாடைதான் பூட்டிக்கொண்டுவிட்டது. இரண்டு விரல்கூட உள்ளே போகவில்லை. ஊசி போட்ட இடத்துத் தசை இறுகியிருக்கிறது, அதிக நேரம் திறந்திருந்ததும் சேர்ந்துகொண்டது, பயப்பட ஒன்றுமில்லை, ஒத்தடம் கொடுத்து மெல்ல மெல்லத் திறந்து மூடுங்கள், ஒரு வாரம் பத்து நாளில் சரியாகிவிடும் என்றார் டாக்டர்.

பட்டிமன்றம் ஏழாம் தேதி.

ஏப்ரல் 5

கஞ்சி. ஒத்தடம். 'நடுவர் அவர்களே' என்று சொல்லிப் பார்த்தேன். 'நருவர் அவர்ரே' என்று வந்தது.

ஏப்ரல் 6

புலவர் ஆவுடையப்பன் வீட்டுக்கே வந்துவிட்டார். என் நிலைமையைப் பார்த்து அவருக்கே முகம் விழுந்துவிட்டது. நோட்டீஸ் அடித்தாயிற்று, கடைசி நேரத்தில் கணவர் அணிக்கு ஆள் கிடைக்கவில்லை என்றார். எப்படி இப்படி ஆயிற்று என்று கேட்டார். நான் வாயைக் காட்டினேன். செண்பகவல்லி காபி கொண்டு வந்து வைத்துவிட்டு, நடந்ததைச் சொன்னாள். வலி நின்ற அன்று நான் வேர்க்கடலை மென்றபடி கடைத்தெருவில் வலம் வந்தது, பீப் பெட்டி, கையைத் தட்டிவிடப் போய் டாக்டரின் முகக்கவசத்தைப் பிடித்து இழுத்தது (இதை நான் எழுதாமல் விட்டிருந்தேன்), காராச்சேவு.

புலவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார். மறுபடி கழற்றினார். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது.

பிறகு கேட்டார். "நாளைக்கு நீங்களே வந்து பேசுதீங்களாம்மா?"

மரியாதைக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். செண்பகவல்லி என்னைப் பார்த்தாள்.

"நான் பேசட்டுமாங்க?"

ஏதேதோ சொல்ல வேண்டியிருந்தது. மேடை என்றால் என்ன என்று தெரியுமா, ஒலிபெருக்கி முன் நின்றால் கால் நடுங்கும், கணவர் அணியில் மனைவி எப்படிப் பேசுவது. வாய் திறந்தால்தானே. தலையை ஆட்டினேன். எந்தப் பக்கமாக ஆட்டினேன் என்பது எனக்கே சரியாகத் தெரியவில்லை. அவர்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

என்னுடைய குறிப்புகளை எடுத்துக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 8

நேற்று நடந்ததை எழுத வேண்டும்.

நல்ல கூட்டம். எனக்கு முன்வரிசையில் நாற்காலி. கழுத்தில் மப்ளர் சுற்றியிருந்தேன், தாடைக்காக. செண்பகவல்லி பச்சைப் புடவை. கையில் என் குறிப்புகள் இல்லை. ஒலிபெருக்கியைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள். இத்தனை ஆண்டுகளில் எனக்கு அதைச் சரியாகச் செய்யத் தெரிந்ததில்லை.

"பேச வேண்டியவரு வாயைத் தொறக்க முடியாம முன்னால உக்காந்திருக்காரு. கல்யாணம் ஆன நாள்லேருந்து இப்படி ஒரு நேரம் எனக்குக் கெடச்சதில்ல. அதனால கொஞ்சம் நிதானமாவே பேசுதேன்."

பந்தல் அதிர்ந்தது. நான் அறிந்த அதிர்வுதான். ஆனால் எப்போதும் மேடையிலிருந்து கேட்பேன். கீழே உட்கார்ந்து கேட்டால் அது முதுகில் வந்து விழுகிறது.

பல் கதையைச் சொன்னாள். தபால் நிலையத்துப் பெரியவர் கதையையும் சொன்னாள். மாமனாரும் இல்லை, மருமகனும் இல்லை, நடந்தது நடந்தபடி. ஜனங்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு பக்கத்தில் இருந்தவர் மூக்கை உறிஞ்சினார். நானும் இதை முதல் தடவை கேட்பது போல்தான் கேட்டேன்.

பிறகு தலைப்புக்கு வந்தாள்.

"நான் கணவர் அணி. வீட்டுல அதிகமா விட்டுக்குடுக்கறவரு புருஷன்தான். இதுல எனக்குச் சந்தேகமே கெடையாது. எந்த ஊரு மேடைன்னாலும் சரி, எங்க வீட்டுக்காரரு என்னைய விட்டுக்குடுத்துருவாரு. கயத்தாறுல விட்டுக்குடுத்தாரு, கழுகுமலையில விட்டுக்குடுத்தாரு. சங்கரன்கோவில்ல ரெண்டு தடவ விட்டுக்குடுத்தாரு. நான் ஒரு எடத்துலகூட அவர விட்டுக்குடுத்ததில்ல. அப்ப ஜெயிச்சது யாரு?"

சத்தம் அடங்க வெகு நேரமாயிற்று. புலவர் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தார். பெண்கள் பக்கம் எழுந்தே நின்றுவிட்டார்கள்.

அது அடங்கிய பிறகு, குரலைக் கொஞ்சம் இறக்கிச் சொன்னாள். "முறுக்கக் காப்பில முக்கித் தின்பான்னு இன்னைக்குச் சொல்லுததா இருந்தாரு. உண்மைதான். எனக்கு எடது பக்கம் கடவாய்ப்பல்லு ரெண்டு இல்ல. எடுத்து ரொம்ப வருசமாச்சு. எடுத்த அன்னைக்கு அவருக்கு வெளியூர்க் கூட்டம். வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன். வந்தவரு எத்தன எடத்துல கைதட்டுனாங்கன்னு சொல்ல ஆரம்பிச்சாரு. சந்தோசமா இருந்தாரு. சரின்னு கேட்டுக்கிட்டேன்."

முன்வரிசையில் இருந்த என்னைக் கையால் காட்டினாள்.

"இப்ப அவரு மூஞ்சப் பாருங்க. பல்லு எனக்குப் போச்சா அவருக்குப் போச்சான்னு கண்டுபிடிக்க முடியாது."

அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும். பிறகு நான். எப்படித் திறந்தது என்று தெரியவில்லை, இரண்டு விரல் நுழையாத தாடை அகலமாகத் திறந்து, உள்ளே சுருக்கென்று வலித்து, கண்ணில் தண்ணீர் கொட்டியது. தாடை வலியால் வந்த தண்ணீர். மப்ளரால் துடைத்துக்கொண்டேன்.

தீர்ப்பு கணவர் அணிக்கு. புலவர் தீர்ப்பு சொல்லும்போது, இந்த அணி ஜெயித்ததில் கணவர்கள் யாரும் சந்தோஷப்பட வேண்டாம் என்றார்.

ஏப்ரல் 9

காலையில் அவள் அடுப்படியில் இருந்தபோது கைபேசி விளக்கைப் போட்டுக்கொண்டு போனேன். வாயைத் திற என்றேன். எதுக்கு என்றாள். திறந்தாள். இடது கீழ்ப்பக்கம் இரண்டு பல் அளவு வெற்றிடம். பக்கத்துப் பல் அந்த இடத்தில் சாய்ந்து கிடக்கிறது. மேலே உள்ளது கீழே இறங்கியிருக்கிறது. டாக்டர் எஸ்தர் சொன்னபடியே. வலது பக்கம் ஒரு பல்லில் கருப்பு.

"அது வலிக்குதா?"

"குளிர்ந்தது பட்டா மட்டும். உங்க பல்லு முடியட்டும்னு இருந்தேன்."

தோசை கருகியது. யாரும் கவனிக்கவில்லை.

ஏப்ரல் 13

செண்பகவல்லிக்குக் கயத்தாறிலிருந்து ஒரு அழைப்பு. அடுத்த ஞாயிறு. எனக்கும் சேர்த்துத்தான் என்று சொன்னார்கள். கூட வருவதற்கு.

முறுக்கு வெடியைக் குறிப்பிலிருந்து அடித்துவிட்டேன். பெரியவர் கதையையும். அது என்னுடையது இல்லை.

ஏப்ரல் 17

தொப்பி போட்டாயிற்று. பல் நிறத்திலேயே இருக்கிறது. கடிக்கச் சொல்லி நீலத்தாள் வைத்துப் பார்த்து, உயரமாக இருந்த இடத்தைத் தேய்த்துவிட்டார். கடித்தேன். பல்லில் பல் சரியாக உட்கார்ந்தது. எக்ஸ்ரேயில் அந்தக் கருப்பு நிழல் போக மாதங்கள் ஆகும், எலும்பு மெல்ல நிரம்பும் என்றார்.

நான் நாற்காலியை விட்டு எழுந்து, இவளையும் பாருங்கள் டாக்டர் என்றேன். செண்பகவல்லி கயத்தாறு முடியட்டும் என்றாள். கூட்டத்துக்கு முன்னால் வேண்டாமாம், வாய் வீங்கிவிடுமாம். வேண்டாம், இன்றைக்கே என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள்.

வலது பக்கப் பல்லில் சொத்தை ஆழமாகத்தான் இருக்கிறது. ஆனால் உயிர் இருக்கிறது, காப்பாற்றிவிடலாம் என்றார் டாக்டர். இடது பக்கம் என்ன செய்யலாம் என்று அடுத்துப் பார்ப்போம் என்றார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் கால்மாட்டில் உட்கார்ந்தேன். தைரியம் சொல்லலாம் என்று தொடங்கினேன். அவள் கையை உயர்த்தினாள்.

"நீங்க வெளிய இருங்க. நான் வாயைத் தொறந்து வச்சிருக்கப்ப நீங்க ஏதாவது சொல்லுவீங்க. பதில் சொல்ல முடியாமப் போயிரும்."

வெளியே வந்துவிட்டேன். இதை இங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். கதவுக்கு அந்தப் பக்கம் டாக்டர் சிரிக்கும் சத்தம் கேட்கிறது. ஊசி இன்னும் போடவில்லை போலிருக்கிறது.

பக்கத்தில் கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு ஒருவர். கொஞ்ச நேரமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர், இப்போது கேட்டார். "சார், நீங்க பட்டிமன்றத்துல பேசறவருதான?"

"பேசறவங்க உள்ள இருக்காங்க" என்றேன்.